இரண்டு மார்க் பாடம்

அந்த வீட்டுக்கு யார் வந்தாலும் டீச்சர் முதலில் நோயாளியைக் காட்டமாட்டார், நர்ஸைத்தான் காட்டுவார். "இவ யாரு தெரியுமா? என் தொண்ணூத்தெட்டு!" என்பார். கட்டிலில் கிடக்கும் மனிதரைப் பார்த்து வருத்தப்படுவதா, பக்கத்தில் துண்டும் கையுமாக நிற்கும் தொண்ணூற்றெட்டைப் பார்த்துச் சந்தோஷப்படுவதா என்று வந்தவர்களுக்குப் புரியாது. இரண்டுக்கும் பொதுவாக ஒரு முகத்தை வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்காருவார்கள்.

விஷயம் இதுதான். டீச்சர் முப்பத்திரண்டு வருடம் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவர். நர்ஸாக வந்திருக்கும் பெண் பதினாறு வருடங்களுக்கு முன்னால் அவரிடம் படித்து, பொதுத்தேர்வில் கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாங்கியவள். டீச்சரின் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து, வலது பக்கம் விழுந்து, பேச்சும் போய், மூக்கில் குழாயோடு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். ஏஜென்சிக்குப் போன் செய்து ஆள் கேட்டார் டீச்சர். மறுநாள் காலை வாசலில் வந்து நின்றவள் "டீச்சர்!" என்று போட்ட கூச்சலில் எதிர்வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்துவிட்டது. அது நடந்து ஐந்து மாதம் ஆகிறது.

இந்த ஐந்து மாதத்தில் அவள் செய்தது கொஞ்சநஞ்சமல்ல. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்கவைப்பாள். முதுகில் ஒரு புண் வரவிடவில்லை. குழாயில் கஞ்சி ஊற்றும்போது, "அப்பா, இன்னிக்கு உப்புக் கொஞ்சம் கம்மி, கோச்சுக்காதீங்க" என்பாள். நாக்கில் படாத கஞ்சிக்கு உப்பு எதற்கு? ஆனால் அதைக் கேட்டு அவருடைய இடது பக்க உதடு மட்டும் சிரிக்கும். பெற்ற மகள் வெளிநாட்டிலிருந்து வீடியோவில் வந்து அழுதுவிட்டுப் போவாள். இவள்தான் நகம் வெட்டிவிடுவாள்.

ஆஸ்பத்திரி நர்ஸ் அல்ல அவள். ஆறு மாதப் பயிற்சி முடித்து வீடுவீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிற நர்ஸ். தொண்ணூற்றெட்டு வாங்கியவள் ஏன் இங்கே வந்து நின்றாள் என்று டீச்சர் ஒருமுறை கேட்டதற்கு, சிரித்துக்கொண்டே சொன்னாள். "இன்ஜினியரிங் டிப்ளமோ சேர்ந்தேன் டீச்சர். முதல் வருஷம் கணக்குல பெயில். ரெண்டாவது தடவயும் பெயில். அப்பா நம்பவே இல்ல. தொண்ணூத்தெட்டு வாங்கினவ எப்படிடி பெயிலாவ, எவன் பின்னாடியாவது சுத்துறியான்னு பெல்ட்ட எடுத்துட்டாரு. எனக்கே தெரியல டீச்சர், ஏன் ஒண்ணுமே புரியலன்னு. மூளை மழுங்கிப் போச்சுன்னு நெனச்சுக்கிட்டேன்." டீச்சர் அப்போது தொண்டையைச் செருமிக்கொண்டு பேச்சை மாற்றினார்.

ஏன் மாற்றினார் என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

டீச்சர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எல்லா ஆசிரியருக்கும் ஒரே சம்பளம். உயிரைக் கொடுத்து நடத்தினாலும் அதேதான், மேசையில் தலைவைத்துத் தூங்கினாலும் அதேதான். இதில் என்ன நியாயம் என்று டீச்சரே ஆசிரியர் அறையில் பலமுறை கொதித்திருக்கிறார். அந்தக் கொதிப்பில் தப்பு சொல்ல முடியாது. மேலிடத்துக்குக் காது கேட்டதோ என்னவோ, ஒரு வருடம் ஊக்கத்தொகை என்று ஒன்று வந்தது. வகுப்பில் எத்தனை பிள்ளைகள் எண்பது மார்க்கைத் தாண்டுகிறார்களோ, தலைக்கு இவ்வளவு என்று ஆசிரியரின் சம்பளத்தோடு சேரும். எண்பத்தொன்று வாங்கினாலும் ஒரு தலை, நூறு வாங்கினாலும் அதே ஒரு தலை. எழுபத்தொன்பது வாங்கினால் அந்தப் பிள்ளை வகுப்பிலேயே இல்லை என்று அர்த்தம். இதை யோசித்த மகானுபாவர்கள் ஒரு பீரியடாவது கரும்பலகை முன்னால் நின்றிருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

கணக்கு டீச்சர் அல்லவா, முதல் வாரமே போட்டுப் பார்த்துவிட்டார். பத்து வருட வினாத்தாளைச் சாப்பாட்டு மேசையில் பரப்பி, எந்தப் பாடத்துக்கு எத்தனை பீரியட் செலவு, அதற்கு எத்தனை மார்க் வரவு என்று வரிசையாக எழுதினார். எதிர் விகிதம் வரிசையில் கடைசியாக நின்றது. ஒன்று கூடினால் மற்றது குறையும் என்கிற பாடம் அது. ஆள் கூடினால் நாள் குறையும், வேகம் கூடினால் நேரம் குறையும். கேட்கச் சுலபம். பிள்ளைகள் மண்டையில் ஏற்ற மூன்று வாரம் ஆகும், ஏனென்றால் அங்கே ஒவ்வொரு கணக்கையும் படித்து, நிஜத்தில் என்ன நடக்கும் என்று யோசித்துத்தான் போட முடியும். பரீட்சையில் அதற்கு ஒரே ஒரு கேள்வி. இரண்டு மார்க். மூன்று வாரத்தை அங்கே கொட்டுவதைவிட, எழுபதுக்கும் எண்பதுக்கும் நடுவில் தத்தளிப்பவர்களிடம் கொட்டினால் ஏழெட்டுத் தலையாவது கரையேறும். டீச்சர் பென்சிலை எடுத்து அந்தப் பாடத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டார்.

நேர் விகிதம் மட்டும் மிஞ்சியது. அதில் கேள்வி நிச்சயம். அதற்கும் விளக்கம் எதற்கு என்று 'கட்டம்' கண்டுபிடித்தார். நான்கு அறை உள்ள ஒரு சதுரம். தெரிந்த மூன்று எண்ணை மூன்று அறையில் போடு, தெரியாததற்குக் கேள்விக்குறி போடு, குறுக்கே பெருக்கு, மிச்சத்தால் வகு. "யோசிக்காத. யோசிச்சா டைம் போயிடும். கட்டத்தப் போடு!" என்று பிரம்பால் மேசையைத் தட்டுவார். ஒரு மாதத்தில் பிள்ளைகள் தூக்கத்தில் எழுப்பினாலும் கட்டம் போட்டார்கள்.

பதினோரு வருடம் இப்படி நடந்தது. வருடத்துக்கு நாற்பது, நாற்பத்தைந்து பிள்ளைகள். எண்பதைத் தாண்டியவர்கள் எண்ணிக்கையில் டீச்சரை அடித்துக்கொள்ள அந்த வட்டாரத்திலேயே ஆளில்லை. மூன்று தடவை மேடையேற்றிச் சால்வை போர்த்தினார்கள். வீட்டுக்கு மாடி எழும்பியது. தலைமையாசிரியருக்கு மட்டும் ஒரு குறை இருந்தது. "எல்லாம் நல்லா வருது டீச்சர், ஒரு நூறு மட்டும் உங்க கிளாஸ்லேர்ந்து வரமாட்டேங்குதே?" என்றார் ஒருநாள். "நூறு வாங்கினா திமிர் வந்துடும் சார்" என்று டீச்சர் சிரித்துச் சமாளித்தார். எப்படி வரும்? அவர் நடத்தியது மொத்தமே தொண்ணூற்றெட்டு மார்க்குக்குத்தான்.

இது தெரிந்த ஒரே ஆள் வீட்டுக்காரர். நில அளவை அலுவலகத்தில் வேலை பார்த்தவர், அளவு விஷயத்தில் கறார். தங்கள் மகளைச் சாப்பாட்டு மேசையில் உட்காரவைத்து, டம்ளரும் தண்ணீருமாக மூன்று வாரம் மனைவி எதிர் விகிதம் நடத்துவதைப் பார்த்துவிட்டு ஒருநாள் கேட்டார்: "இதை ஸ்கூல்ல நடத்தறதில்லன்னு சொன்ன? அப்ப நம்ம பொண்ணுக்கு மட்டும் எதுக்கு?" டீச்சருக்குச் சுருக்கென்றது. "அவளுக்கு நாளைக்கு வாழ்க்கையில வேணாமா?" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. வீட்டுக்காரர் எழுந்து போனார். அதன் பிறகு மாடிக்கு அவர் போனது குறைவு.

இனி அன்று காலைக்கு வருவோம்.

வீட்டுக்காரருக்கு வலிப்பு வராமலிருக்கத் தினமும் காலையில் குழாய் வழியாக ஒரு சிரப் போகும். டாக்டர் எழுதியது முந்நூறு மில்லிகிராம். வழக்கமான பாட்டிலில் ஐந்து மில்லியில் நூறு மில்லிகிராம் மருந்து. ஆகப் பதினைந்து மில்லி. ஐந்து மாதமாகப் பதினைந்துதான். அன்று கடையில் அந்தப் பாட்டில் இல்லை. "அதே மருந்துதாம்மா, இது கொஞ்சம் ஸ்ட்ராங், அவ்வளவுதான். அளவு மட்டும் பாத்துக் குடுங்க" என்று வேறொன்றைக் கொடுத்தார் கடைக்காரர். இதில் ஐந்து மில்லிக்கு நூற்றைம்பது.

"இப்ப எவ்வளவு குடுக்கறது? டாக்டருக்குப் போன் பண்ணட்டுமா?" என்றார் டீச்சர்.

"எதுக்கு டீச்சர்? நூறு இருந்தது நூத்தம்பது ஆயிருக்கு. ஒரு கணக்கு. நான் யாரோட ஸ்டூடண்ட்?" என்று சிரித்தாள் தொண்ணூற்றெட்டு. மருந்து வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து, உள்பக்கத்தில் பேனாவால் விறுவிறுவென்று ஒரு சதுரம் போட்டாள். அதை நான்காகப் பிரித்தாள். மேல் வரிசையில் நூறு, பதினைந்து. கீழ் வரிசையில் நூற்றைம்பது, கேள்விக்குறி.

டீச்சருக்குப் பெருமை பிடிபடவில்லை. பதினாறு வருடம் கழித்தும் தன் கட்டம்! அந்தக் கேள்விக்குறியின் கொக்கிகூடத் தன் கையெழுத்துப் போலவே இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டு, கஞ்சிப் பாத்திரத்தைக் கழுவ அடுப்படிக்குத் திரும்பினார். முதுகுக்குப் பின்னால் அவள் வாய்விட்டுப் பெருக்குவது கேட்டது. "ரெண்டாயிரத்து எரநூத்தம்பது... வகுத்தல் நூறு... இருபத்திரண்டரை."

அவள் பத்து மில்லி சிரிஞ்சில் மருந்தை இழுத்து, குழாயில் பொருத்தி, மெதுவாக ஏற்றினாள். இரண்டாவது பத்தை இழுத்தாள். டீச்சர் அடுப்படியில் தண்ணீர்க் குழாயைத் திறந்து பாத்திரத்தில் தண்ணீர் விட்டார். மருந்து ஸ்ட்ராங் என்றால், என்று ஏதோ ஒன்று அவர் மனதில் ஓடத் தொடங்கியது. ஸ்ட்ராங் என்றால்... ஏன் இருபத்திரண்டரை? பாத்திரம் கையிலிருந்து நழுவித் தரையில் உருண்டது.

"நிறுத்து! ஏய், நிறுத்துடி!"

ஓடிவந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். சிரிஞ்ச் குழாயின் வாயில் நின்றது. உள்ளே போயிருந்தது முதல் பத்து மட்டும். சரியான அளவே அந்தப் பத்துதான். மிச்சப் பன்னிரண்டரையும் போயிருந்தால், கட்டிலில் கிடந்தவருக்கு இரண்டேகால் மடங்கு மருந்து இறங்கியிருக்கும். தினம் தினம் இறங்கியிருக்கும்.

"என்ன டீச்சர்? சரியாத்தானே போட்டேன்? ரெண்டு தடவ சரிபார்த்தேன்" என்று அவள் அட்டையை நீட்டினாள். அவள் சொன்னது உண்மை. பெருக்கலில் தப்பில்லை, வகுத்தலில் தப்பில்லை. பரீட்சைத்தாளாக இருந்தால் படிக்குப் படி மார்க் போட்டிருப்பார் டீச்சர்.

நோயாளியைச் சாய்த்துப் படுக்கவைத்துவிட்டு, அவளைச் சாப்பாட்டு மேசைக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு ஜக்கையும், சின்ன டம்ளர் ஒன்றையும், பெரிய டம்ளர் ஒன்றையும் எடுத்து வைத்தார்.

"இந்த ஜக் நிறையணும்னா சின்ன டம்ளரால எத்தன தடவ ஊத்தணும்? ஊத்திப் பாரு."

ஊற்றினாள். "மூணு."

"பெரிய டம்ளரால?"

ஊற்றினாள். "ரெண்டு."

"டம்ளர் பெருசாச்சு. தடவ கூடுச்சா, குறைஞ்சுதா?"

அவள் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "குறைஞ்சுது" என்றாள் மெதுவாக. பிறகு, "அப்ப மருந்து கெட்டியானா அளவு கம்மியாகணும். பழசு அஞ்சு அஞ்சா மூணு தடவ. புதுசு ரெண்டு தடவ போதும். பத்து. ஐயோ, இது கட்டத்துல வராது டீச்சர்!"

பத்து நிமிடம்கூட ஆகவில்லை. இந்தப் பத்து நிமிடத்தைத்தான் பதினாறு வருடங்களுக்கு முன்னால் மிச்சம் பிடித்திருந்தார் டீச்சர்.

அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தார். பழைய நாளில் ஒரு கணக்கு புரிந்துவிட்டால் பெஞ்சிலேயே குதிப்பாள். இப்போது அவள் முகம் வெளுத்துக்கொண்டே போனது. நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"டீச்சர், போன வருஷம் ஒரு வீட்ல இருந்தேன். ஒரு பெரியம்மா. அவங்களுக்கும் ஒரு சிரப். நடுவுல பாட்டில் மாறுச்சு. இதே மாதிரி கட்டம் போட்டுத்தான் குடுத்தேன். அந்த வாரத்துலேர்ந்து அவங்க எந்நேரமும் தூங்கிட்டே இருந்தாங்க. எழுப்பினா ஒரு நிமிஷம் பாப்பாங்க, மறுபடி கண்ண மூடிடுவாங்க. வயசாயிடுச்சுல்லன்னு அவங்க பையன் சொன்னாரு. நானும் வயசுன்னுதான்..." அவள் நிறுத்தினாள். "பதினெட்டு நாள் டீச்சர். பதினெட்டு நாளும் என் கையாலதான் ஊத்தினேன்."

அந்த அம்மா என்ன ஆனார் என்று கேட்கவேண்டிய அவசியம் டீச்சருக்கு இருக்கவில்லை.

"டீச்சர்" என்றாள் அவள். கண் நிமிரவில்லை. "இது நம்ம பாடத்துல இருந்துச்சா?"

இருந்தது, நான் நடத்தவில்லை. மூன்று வார்த்தை. முப்பத்திரண்டு வருடம் நாள் முழுக்கப் பேசியே பிழைத்தவருக்கு மூன்று வார்த்தை ஒரு பொருட்டா? ஆனால் அதைச் சொல்லிவிட்டால் மூன்று சால்வையும் என்ன ஆவது? கடைத்தெருவில் பார்க்கும் அத்தனை பேரும் 'எங்க கணக்கு டீச்சர்' என்று கையெடுத்துக் கும்பிடும் அந்தப் பெயர் என்ன ஆவது? இந்த வயதில் அவருக்கென்று மிச்சமிருந்தது அந்தப் பெயர் ஒன்றுதான். அதற்கு விலையாக எதிரில் ஒருத்தி இடிந்துபோய் உட்கார்ந்திருந்தாள்.

"இருந்துச்சே" என்றார் டீச்சர். "நான் நடத்தினேனே. நீ அன்னிக்கு வந்திருக்க மாட்ட."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "நான் லீவே போட்டதில்லையே டீச்சர். அந்த வருஷம் ஒருநாள்கூட லீவு போடாததுக்கு நீங்கதானே எனக்குப் பேனா பரிசு குடுத்தீங்க?"

"அப்ப கவனிச்சிருக்க மாட்ட."

சொல்லிவிட்டார். குரல்கூடப் பிசகவில்லை. வகுப்பில் எத்தனை தடவை சொன்ன வார்த்தை, தானாக வந்தது.

தொண்ணூற்றெட்டு தலையை ஆட்டினாள். "ஆமா டீச்சர். கவனிச்சிருக்க மாட்டேன். அதான் அந்த ரெண்டு மார்க் போயிருக்கு. எங்க போச்சு எங்க போச்சுன்னு ரொம்ப நாள் யோசிச்சிருக்கேன்." எழுந்து, இரண்டு டம்ளரையும் கழுவிக் கவிழ்த்துவிட்டு, நோயாளியைப் புரட்டிவிட நேரமாகிவிட்டது என்று உள்ளே போனாள்.

மதியம் டீச்சர் மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஏஜென்சிக்குப் போன் செய்தார். செய்யத்தான் வேண்டும். இன்னும் எத்தனை வீட்டில் எத்தனை பாட்டில் மாறுமோ! அந்த நியாயம் அவருக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. நியாயத்தின் மடியில் இன்னொன்றும் இருந்ததை அவர் பார்த்தும் பார்க்காததுபோல விட்டார்: ஏஜென்சி புத்தகத்தில் தப்பு நர்ஸின் பெயரில் ஏறிவிட்டால், அப்புறம் அதற்கு வேறு சொந்தக்காரர் யார் என்று எவரும் தேடமாட்டார்கள். பெரியம்மா விஷயத்தை மட்டும் அவர் சொல்லவில்லை. பாவம் அந்தப் பெண், போலீஸ் அது இது என்று போகவேண்டாம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார். போலீஸ் வந்தால் அந்தக் கட்டம் யார் சொல்லிக்கொடுத்தது என்றும் கேட்கும் அல்லவா?

ஏஜென்சி நடத்துகிற அம்மாள் பதறிப்போனார். "நல்லவேளை, உங்க கண்ணுல பட்டுச்சு! வேற வீடா இருந்தா என்ன ஆயிருக்கும்? இன்னிக்கே நிறுத்திடறேன் டீச்சர், இனிமே எந்த வீட்டுக்கும் அனுப்பமாட்டேன். இந்தச் சின்னக் கணக்குகூடத் தெரியாம எந்த ஸ்கூல்ல படிச்சாளோ, எவகிட்ட படிச்சாளோ! உங்கள மாதிரி வாத்தியாரெல்லாம் இப்ப எங்க இருக்காங்க?"

"ம்" என்றார் டீச்சர்.

"புது ஆள் நாளைக்குக் காலையிலயே வந்துடுவாங்க. முதல் பதினஞ்சு நாளைக்கு நீங்க ஒரு பைசா தரவேணாம். எங்க பேரைக் காப்பாத்திக் குடுத்திருக்கீங்க, இதுகூடச் செய்யலன்னா எப்படி?"

வேண்டாம் என்று சொல்ல டீச்சருக்கு வாய் வந்தது. சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். "சரிம்மா" என்று போனை வைத்தார்.

அன்று சாயங்காலம் ஏஜென்சியிலிருந்து போன் வந்ததும், தொண்ணூற்றெட்டு யாரிடமும் எதுவும் கேட்காமல் வீட்டுக்குப் போனாள். மறுநாள் காலை, தன் மாற்றுத்துணிப் பையை எடுத்துக்கொள்ள வந்தாள். முகம் வீங்கியிருந்தது. நேராக நோயாளியிடம் போனாள். அவருக்கு ஒருபக்கமாகச் சரிந்திருந்த தலையணையைச் சரிசெய்தாள். "அப்பா, நான் போயிட்டு வர்றேன். புதுசா வர்றவங்ககிட்ட அடம்பிடிக்காம இருக்கணும், என்ன?" என்றாள். அவர் இடது கையால் அவள் விரலைப் பிடித்துக்கொண்டார். பிடித்த கையை விடாமல், அவளைத் தாண்டி, கதவருகே நின்ற மனைவியைப் பார்த்தார். சாப்பாட்டு மேசை அவர் கட்டிலிலிருந்து எட்டடி தூரம்தான். பேச்சு போயிருந்ததே தவிர, காது நன்றாகவே இருந்தது. டீச்சரால் அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. ஜன்னல் திரையை இழுத்துவிடப் போவதுபோல நகர்ந்தார்.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அவள் சொன்னாள். "நேத்து எங்க செட்டுல மூணு பேருக்குப் போன் பண்ணேன் டீச்சர். ஒருத்தி தையல் கடை வச்சிருக்கா, ஒருத்தன் பெயிண்ட் கடை, இன்னொருத்தி வீட்லதான் இருக்கா. எதிர் விகிதம்னு ஒரு பாடம் டீச்சர் நடத்தினாங்களே, ஞாபகம் இருக்கான்னு கேட்டேன்." வாரை இழுத்து மாட்டினாள். "மூணு பேருமே அன்னிக்கு வரலையாம் டீச்சர்."

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

"இப்ப அந்தப் பெரியம்மா வீட்டுக்குப் போறேன். அவங்க பையன்கிட்ட சொல்லணும்."

"எதுக்குடி?" டீச்சர் பதறினார். "உனக்குக் குழந்தை குட்டி இருக்கு. யாருக்கும் தெரியாது. நீயா போய் ஏன் தலையக் குடுக்கற?"

"தெரியாமத்தான் அவரு, வயசாயிடுச்சுன்னு நெனச்சிட்டிருக்காரு. அம்மா கடைசில ஏன் கண்ணத் திறக்கலன்னு அவருக்குத் தெரியணும்ல டீச்சர்?"

டீச்சர் ஒரு படி இறங்கினார். போகாதே என்று சொல்ல நினைத்தாரா, நானும் வருகிறேன் என்று சொல்ல நினைத்தாரா, அவருக்கே தெரியாது. ஆனால் வாயில் வந்தது வேறு. "அங்க போய் என் பேரு..." என்று ஆரம்பித்துவிட்டார். காதில் விழுந்தது தன் குரல்தானா என்று அவருக்கே கூசியது. பாதியில் நிறுத்தினார்.

அவள் அவரையே பார்த்தாள். அதில் கோபம் இருந்திருந்தால்கூடத் தேவலை.

"கேக்கமாட்டாங்க டீச்சர்" என்றாள். "நர்ஸ் தப்பு பண்ணா, யாரும் வாத்தியார் பேரைக் கேக்கறதில்ல."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கேட் வரைக்கும் போனவள் திரும்பி நின்றாள். வேலை விஷயம் ஒன்று விட்டுப்போனதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள்.

"பாட்டில் மேல பத்து மில்லின்னு பெருசா எழுதி ஒட்டியிருக்கேன். இன்னிக்கு வர்றவகிட்ட நீங்களே காட்டிடுங்க. பாட்டில் மறுபடி மாறினா பக்கத்துலயே நில்லுங்க. அவ எனக்கு ரெண்டு வருஷம் ஜூனியர், உங்ககிட்டதான் படிச்சா. தொண்ணூத்தேழு."